ஹார்ட் ஆஃப் ஐஸ்: கோழி சூப்பில் விழுந்த வில்லன்

பேட்மேன் அனிமேட்டட் சீரிஸை எங்கே தொடங்குவது என்று கேட்டால், ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ எபிசோட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 1992 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவில் ஃபாக்ஸ் கிட்ஸ் என்ற சிறுவர் நிகழ்ச்சி வரிசையில் ஒளிபரப்பானது. எழுதியவர் பால் டினி, இயக்கியவர் புரூஸ் டிம். சுமார் 22 நிமிடம்தான். எழுத்துக்காக டேடைம் எம்மி என்ற தொலைக்காட்சி விருதும் வாங்கியது.

இதன் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் அதற்கு முன் எப்படி இருந்தார் என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். 1959இல் காமிக்ஸில் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்தவர். கையில் உறைபனித் துப்பாக்கி, வேலை வைரத் திருட்டு. அவ்வளவுதான் ஆள். அறுபதுகளின் தொலைக்காட்சித் தொடரில் ஜார்ஜ் சாண்டர்ஸ், ஓட்டோ ப்ரெமிங்கர், ஈலை வாலக் என்று மூன்று பேர் மாறி மாறி நடித்தும் சிரிப்பு வில்லனாகவே நின்றுவிட்டார். விக்டர் ஃப்ரைஸ் என்ற இயற்பெயர், நோரா என்ற மனைவி, அவள் நோய்க்கு மருந்து கிடைக்கும்வரை உறைநிலையில் காக்க முயன்ற விஞ்ஞானி என்ற பின்கதை எல்லாம் இந்த எபிசோடில் பிறந்தவை. பிறகு காமிக்ஸே இதை எடுத்துக்கொண்டது.

கதை நகரும் விதத்தைக் கவனியுங்கள். கண்ணாடி உருண்டைக்குள் சுழலும் நடனப் பெண் பொம்மையில் தொடங்குகிறது. யார் அவள் என்று சொல்வதில்லை. அடுத்து காத்கார்ப் நிறுவனத்தில் திருட்டு. திருடுபோன பாகங்களைச் சேர்த்துப் பார்த்து, இது ராட்சத உறைபனிப் பீரங்கிக்கான சாமான், இன்னும் ஒரு பாகம்தான் பாக்கி என்று பேட்மேன் கணக்குப் போடுகிறார். அந்த மோதலில் ஃப்ரீஸின் அடியாள் ஒருவனே காலில் பனி பிடித்துச் சிக்கிக்கொள்கிறான். ஃப்ரீஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார். ‘இவன் ஈரமில்லாதவன்’ என்று வசனம் எழுதியிருந்தால் எடுபட்டிருக்காது. அந்த ஒரு நடையே சொல்லிவிடுகிறது. கைவிடப்பட்ட அடியாளை பேட்மேன் தன் ரகசியக் குகைக்குத் தூக்கிப்போய் சிகிச்சை செய்வது அதற்கு எதிர்ப்பாட்டு.

ஈரமில்லாதவன் என்று நாம் முடிவுகட்டிய பிறகுதான், ஃப்ரைஸ் எப்படி ஃப்ரீஸ் ஆனார் என்று காட்டும் பழைய வீடியோ வருகிறது. செலவைக் காரணம் காட்டி, நோராவின் உறைபெட்டியை நிறுத்தச் சொல்லி காத்கார்ப் முதலாளி ஃபெரிஸ் பாயில் ஆட்களோடு வருகிறான். ஃப்ரைஸ் காவலாளியின் துப்பாக்கியைப் பிடுங்குகிறான். பாயில் நைச்சியமாகப் பேசுகிறான். ஃப்ரைஸ் துப்பாக்கியைத் தாழ்த்தியதும் உதைத்து ரசாயனங்கள்மேல் தள்ளுகிறான். அதன் பிறகு ஃப்ரைஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே மட்டுமே உயிர்வாழ முடியும். இந்த வரிசைதான் முக்கியம். ஃப்ரைஸ் நம்பினான், நம்பியதால் விழுந்தான். துப்பாக்கியைத் தாழ்த்தாமலே அடிபட்டிருந்தால் பாதி வலிதான் நமக்கு வந்திருக்கும்.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃப்ரீஸுக்குப் பேசியவர் மைக்கேல் அன்சாரா. ஏற்ற இறக்கமே இல்லாத, இயந்திரம் மாதிரியான பேச்சு. அழ வேண்டிய வசனத்தை அழாமல் சொல்வதால் அழுகை நம் தொண்டைக்கு வருகிறது. கோடைக்காற்று, கைக்குள் ஒரு கதகதப்பான கை என்று இழந்ததை அவர் அடுக்கும் இடத்தில் இசையைவிட அந்த வறட்சிதான் அதிகம் வேலை செய்கிறது. பாயிலுக்குப் பேசியவர் மார்க் ஹமில். அவர் இதே தொடரின் இன்னொரு வில்லனான ஜோக்கருக்குக் குரல் ஆனது இதற்குப் பிறகுதான். உருவத்தை வரைந்தவர் மைக் மிக்னோலா: வழுக்கைத் தலை, சிவப்புக் கண்ணாடி, தலையை மூடிய கண்ணாடிக் கூண்டு. நீலமும் சாம்பலுமான சட்டகத்தில் அந்தச் சிவப்பு மட்டும்தான் உறுத்தும்.

இனி சண்டை. ஃப்ரீஸின் கவசம் மனித பலத்தைப் பல மடங்கு ஆக்கும்; கைச்சண்டையில் பேட்மேன் தோற்கிறார், அதை மறைக்கவும் இல்லை. பிடி இறுகும் நேரத்தில், தனக்குச் சளி பிடித்ததற்காக வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரட் கொடுத்தனுப்பிய கோழி சூப் பிளாஸ்க்கை எடுத்துக் கண்ணாடிக் கூண்டின்மேல் உடைக்கிறார். கூண்டு விரிசல் விட்டு நொறுங்குகிறது. முதல் பாதியில் வந்த தும்மலும் ஆல்ஃப்ரடின் கிண்டலும் சும்மா நகைச்சுவை என்று விட்டிருப்போம். முடிவுக்கான சாவி அங்கேதான் இருந்திருக்கிறது.

இது நடக்குமா? அடிப்படை சரி. குளிர்ந்த கண்ணாடியில் சூடு பட்டால் வெளிப்புறம் விரிய முயலும், உட்புறம் அப்படியே நிற்கும். உட்புறத்தில் இழுவிசை ஏறும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தம்ளரில் கொதிக்கும் காபியை ஊற்றினால் படீரென்று போவதும் இதனால்தான். கண்ணாடி தடிமனாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆனால் சூடான கண்ணாடியில் குளிர்நீர் பட்டால்தான் சுலபமாக உடையும்; இதன் எதிர்த்திசை கொஞ்சம் கடினம். மேலும், பூஜ்ஜியத்துக்குக் கீழே மட்டுமே உயிர்வாழும் ஒருவன், வெப்ப அதிர்ச்சியைத் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியைக் கூண்டுக்குப் போட்டிருக்க மாட்டானா? உறைவியல் படித்தவன் ஆயிற்றே! கார்ட்டூன் என்று விட்டுவிடலாம்.

விடமுடியாத குறைகளும் உண்டு. தன்னை மாட்டிவிடக்கூடிய வீடியோவைப் பாயில் ஏன் அழிக்காமல் வைத்திருந்தான்? பதிலே இல்லை. பாயிலும் ஒரே நிறம். மனிதநேய விருது வாங்கும் விழாவில் அவன் சிக்குவது அழகான குத்தல், ஆனால் அந்தக் குத்தலுக்காகவே செய்த பொம்மை அவன். லாபக் கணக்கில் மாட்டிக்கொண்ட சராசரி மேலாளராக இருந்திருந்தால் ஃப்ரீஸின் கோபம் இன்னும் சிக்கலாகியிருக்கும். அடியாட்களுக்கு முகமே கிடையாது.

இங்கே நோரா இறந்துவிட்டாள் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். சிறை அறையில் அந்த நடனப் பெண் பொம்மையைப் பார்த்து ஃப்ரீஸ் மன்னிப்புக் கேட்பதும் அந்த அர்த்தத்தில்தான். ‘டீப் ஃப்ரீஸ்’ என்ற பிந்தைய எபிசோடில் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று வருகிறது. தனியாகப் பார்த்தால் அது மோசமில்லை; ஆனால் இதை முடித்த சூட்டோடு அதைப் பார்க்காதீர்கள், இந்தக் கடைசிக் காட்சியின் கனம் குறைந்துபோகும்.

பார்ப்பதற்கு 2018இல் வந்த ப்ளூ-ரே தொகுப்பு நல்லது. படம் பழைய டிவிக்கான 4:3 அளவில் எடுத்தது. டிவியில் ஜூம் அல்லது முழுத்திரை அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டுப்படும் அல்லது முகங்கள் அகன்றுபோகும். தொடரின் பின்னணிகள் கறுப்புத் தாளில் தீட்டப்பட்டவை. அறை வெளிச்சமாக இருந்தால் பாதி விவரம் இருட்டில் போய்விடும். மொழிமாற்றிய ஒலியில் பார்க்க வேண்டாம், அன்சாராவின் குரல் போனால் ஃப்ரீஸில் பாதி போய்விடும்.