ஓப்பன்டபிள்யூஆர்டி எஸ்க்யூஎம்: பாக்கெட்டை எப்போது கைவிடுவது என்று தெரிந்த ரவுட்டர்

இணைய நிறுவனம் தந்த பெட்டியில், மனைவியின் போனிலிருந்து போட்டோக்கள் கிளவுடுக்கு ஏற ஆரம்பித்தால் என் வீடியோ கால் திணறும். பிங், அதாவது ஒரு சேதி போய்த் திரும்பும் நேரம், ஒரு நொடியைத் தாண்டும், ஆனால் ஒரு பாக்கெட்கூட (தரவின் சிறு பொட்டலம்) தொலையாது. கோளாறே அதுதான். பொதுவாக, பாக்கெட் தொலைந்தால்தான் டிசிபி (தரவை அனுப்பும் இணைய நெறிமுறை) வேகத்தைக் குறைக்கும். பெட்டியோ எல்லாவற்றையும் வாங்கி வரிசையில் அடுக்கிக்கொண்டே போகும்.

பழைய ரவுட்டர் ஒன்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச லினக்ஸ் இயங்குதளம்) ஏற்றி, பாக்கெட் வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் பேக்கேஜைப் போட்டேன். செலவு இல்லை. இதன் அடிப்படை, 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் என்ற வரிசை நிர்வாக முறை. வரிசையின் நீளத்தை அது பார்ப்பதில்லை. பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்றுதான் பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிநொடிக்கு விடாமல் 5 மில்லிநொடிக்கு மேலேயே நின்றால், வரிசையின் தலையிலிருந்து ஒன்றைக் கழிக்கும். வாலில் கழிப்பதைவிட அனுப்புநருக்குச் சேதி சீக்கிரம் போய்விடும். எஃப்க்யூ-கோடெல் இன்னும் ஒரு படி மேலே: இணைப்புகளை 1024 சிறு வரிசைகளாகப் பிரிக்கிறது. இடம் நிரம்பினால் அடி வாங்குவது மிகப் பெருத்த வரிசை, அதாவது போட்டோ. என் வீடியோ காலுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு நுணுக்கம். எஸ்க்யூஎம்மின் 'சிம்பிள்' ஸ்கிரிப்ட், எஃப்க்யூ-கோடெலை, வேகத்துக்கு வரம்பு போடும் எச்டிபிக்குக் கீழே மாட்டுகிறது. கீழே இருப்பது தானாக ஒரு பாக்கெட்டைக் கழித்தால் மேலே இருப்பதற்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் காலி வரிசையில் இன்னும் சரக்கு இருப்பதாக அது நம்பும். லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இந்தக் கணக்குப் பிசகுகள் பாதுகாப்பு ஓட்டைகளாகவே ஆகியிருக்கின்றன. 2025-இல்கூடத் திருத்தங்கள் வந்தன. ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நான் 'கேக்' என்ற இன்னொரு வரிசை முறையின் பக்கம் போய்விட்டேன். வேகக் கட்டுப்பாடும் வரிசையும் அதில் ஒரே துண்டு, லினக்ஸ் 4.19-இலிருந்தே கெர்னலில் இருக்கிறது.

குறைகள் உண்டு. வேகத்தை நாமே கையால் போட வேண்டும், அதுவும் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து. 10 எம்பிபிஎஸ் அப்லோடுக்கு 9 வைத்திருக்கிறேன். வேகம் ஏறி இறங்கும் மொபைல் இணைப்புக்கு இந்த ஏற்பாடு சரிப்படாது. சிபியுவைத் தொடாமல் பாக்கெட்டுகளை நேராகக் கடத்தும் ஹார்ட்வேர் ஆஃப்லோடை அணைக்க வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டுகள் வரிசைக்கு வராமலே போய்விடும். அணைத்தால் மலிவான ரவுட்டரின் சிபியு மூச்சுவாங்கும். எத்தனை பாக்கெட்டுகள் கழிக்கப்பட்டன என்று பார்க்க, நான் எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து கட்டளை தரும் வழி) ரவுட்டருக்குள் நுழைந்து, வரிசைகளின் நிலையைக் காட்டும் டிசி கட்டளையைத்தான் தட்டுகிறேன்.

அப்லோடு குறைவான வீடுகளுக்குக் கண் மூடிக்கொண்டு சொல்வேன். 500 எம்பிபிஎஸ் ஃபைபர் வைத்திருப்பவர்கள், நல்ல சிபியு இல்லாமல் இதைத் தொட வேண்டாம்.