பஞ்சு குடோனில் வைஃபை அனலைசர் ஆப்: ஆறு மாத அனுபவம்

எங்கள் ஸ்பின்னிங் மில்லின் பஞ்சு குடோனில் பார்கோடு ஸ்கேனர் அடிக்கடி நெட்வொர்க்கை விட்டுவிடும். ஸ்கேன் ஏறாமல் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை நடந்து வருவார்கள், ஷிப்ட் முடியும் நேரத்தில் அது எவ்வளவு கொடுமை என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். வைஃபை சிக்னல் சர்வே எடுப்பவர்கள் கேட்ட தொகைக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை, அதனால் ஆண்ட்ராய்டு போனில் ஓர் இலவச வைஃபை அனலைசர் ஆப்பை, அதாவது சுற்றியுள்ள வைஃபை சிக்னல்களின் பலத்தைக் காட்டும் ஆப்பைப் போட்டு நானே அளந்தேன். எங்கள் வேலைக்கு அது போதுமானதாகவே இருந்தது, ஆனால் அது காட்டுவதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம்ப வேண்டியது டிபிஎம் எண், அதாவது சிக்னலின் பலம். மைனஸில் வரும், பூஜ்ஜியத்துக்கு அருகே வர வர சிக்னல் பலம். மைனஸ் 67 வரை ஸ்கேனர் நிம்மதியாக ஓடும், மைனஸ் 75ஐத் தாண்டினால் திணறும்.

நம்பக் கூடாதது, ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலை அனுப்பும் பெட்டி) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அது காட்டும் தூரம். அது வெட்டவெளிக்கான சூத்திரம், தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்ற கணக்கு. ஆகஸ்டில் குடோன் காலியாக இருந்தபோது ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி நின்றேன், மைனஸ் 62, தூரம் 12 மீட்டர் என்று காட்டியது, சரி பரவாயில்லை. நவம்பரில் பேல் (அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி) வந்து அடுக்கிய பிறகு அதே இடத்தில் மைனஸ் 79, தூரம் 80 மீட்டருக்கு மேல்! 17 டெசிபல் என்றால் வந்துசேரும் சக்தி ஐம்பதில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். அதனால் காலி குடோனில் எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், சரக்கு நிரம்பி இருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

ரிங் பிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) பக்கம் வேறு கதை. இரும்பில் பட்டுப் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கூட்டும், சில இடத்தில் அழிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 12.5 செ.மீ.தான், நாலு விரல் நகர்ந்தாலே எண் தாவும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுங்கள், போனை உடம்போடு ஒட்டிப் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று, ஆண்ட்ராய்டு 9 முதல் ஓர் ஆப் 2 நிமிடத்துக்கு 4 முறைதான் வைஃபை சிக்னல்களைத் தேடி ஸ்கேன் செய்யலாம். நடந்துகொண்டே பார்த்தால் போன இடத்து எண்ணைத்தான் படிப்பீர்கள், நானும் முதல் நாள் முழுக்க அப்படித்தான் தப்பாகக் குறித்தேன். ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடலாம்.

எந்த ஆக்சஸ் பாயின்ட் எந்தச் சேனலில் (அலைவரிசைத் துண்டில்) ஓடுகிறது என்று காட்டும் சேனல் படம் அருமை. மாட்டிவிட்டுப் போனவர் இரண்டு ஆக்சஸ் பாயின்ட்டையும் 6ஆம் சேனலிலேயே, ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக விட்டிருந்தது அதில்தான் தெரிந்தது. ஒன்றை 1க்கு மாற்றி, சுவரோரம் இருந்ததை நடைபாதைக்கு நேர் மேலே கொண்டுவந்தோம். இப்போது கடைசி அடுக்கின் அருகே மைனஸ் 66.

காற்றில் உள்ள ரேடியோ இரைச்சலை, அதாவது மற்ற கருவிகளின் அலைகளால் வரும் இடைஞ்சலை இந்த ஆப் காட்டாது. மைனஸ் 60 இருந்தும் ஸ்கேனர் திணறினால் பிங் (நெட்வொர்க் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டுப் பாருங்கள், அதிலும் விட்டு விட்டு வந்தால் அந்த இரைச்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டியதுதான், கையில் அளந்த எண் இருப்பதால் அந்தச் செலவை மேனேஜரிடம் தைரியமாகக் கேட்கலாம்.