பழைய 320டி: 74,000 ஓடியதா, 161,000 ஓடியதா?

நான் வாங்கப் பார்த்த இரண்டும் ஒரே மாடல் கார்தான். பி.எம்.டபிள்யூ. 320டி, எஃப்30 மாடல், 2013, எம் ஸ்போர்ட். ஒன்று வெள்ளை, மீற்றரில் 74,000 கிலோமீற்றர், கேட்கும் விலை 118 இலட்சம். மற்றது சாம்பல் நிறம், 161,000 கிலோமீற்றர், 102 இலட்சம். வெள்ளைக் கார் கண்டியில் ஒரு புரோக்கரிடம் இருந்தது. சாம்பல் கார் பண்டாரவளையில் சொந்தக்காரர் கையிலேயே இருந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் வெள்ளையை எடுக்கத்தான் சொன்னார்கள். நான் சாம்பலுக்கு முற்பணம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் கடைக் கவுண்டரில் நின்று சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன்.

ஹட்டனில் எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. டொயோட்டா, நிசான், சுசுகி, மேலே போனால் டிமோ லொறி. ஐரோப்பியக் கார் சாமான் ஒன்றுகூட என் தட்டில் கிடையாது. ஆனாலும் இந்தக் கணக்கு என்னைப் போட்டுப் பார்க்க வைத்தது: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் ஜப்பான் கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். நான் ஓட்டுகிற டொயோட்டா அக்ஸியோவை விற்று, மேலே கொஞ்சம் போட்டால் 320டி கைக்கு வந்துவிடும். ஒரு காலத்தில் தோட்டத்துத் துரைமார்கூட யோசித்த கார் இது. அக்ஸியோ விலையோடு ஒப்பிடும் அளவுக்கு அது இறங்கிவந்திருக்கிறது என்றால், இறக்கியதற்கு ஒரு காரணம் இருக்கும் அல்லவா? அந்தக் காரணத்தைத்தான் தேடினேன்.

முதலில் ஓட்டம். இதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொட்டகலை தாண்டித் தலவாக்கலை வரை அந்த வளைவுகளில் அக்ஸியோவை ஓட்டும்போது, முன்னால் தேயிலை லொறி ஒன்று போனால் அதன் பின்னாலேயே உருள வேண்டியதுதான். 320டியில் 380 நியூட்டன் மீற்றர் இழுவை, அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 1,750 சுற்றுச் சுற்றும்போதே வந்துவிடுகிறது. நேரான துண்டு ஒன்று கொஞ்சம் தெரிந்தால் போதும், மிதித்த மாத்திரத்தில் எட்டுக் கியர் பெட்டி இரண்டு கியர் இறங்கிக்கொள்ளும், லொறி கண்ணாடியில் பின்னால் போய்விடும். குதிரைத்திறன் 184 என்பது காகிதத்தில் பெரிய எண் இல்லை. மலைப்பாதையில் தேவைப்படுவது அந்த அடிமட்ட இழுவைதான். பின்சக்கரம் தள்ளுகிறது, முன்சக்கரம் திருப்புகிற வேலையை மட்டும் பார்க்கிறது. அதனால் ஏற்றத்துக் கொண்டை ஊசி வளைவில் மிதித்தாலும் ஸ்டியரிங் கையை இழுப்பதில்லை.

ரதல்ல குறுக்கு வீதியில் நானுஓயாவிலிருந்து கீழே இறங்கிப் பார்த்தேன். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதி உயிர்கள் போன அதே இறக்கம். பிரேக் கருகுகிற வாசம் அந்த வீதிக்கே உரியது. கியர் தண்டை இடப்பக்கம் தள்ளி இரண்டாம் கியரில் நிறுத்தினால் என்ஜினே காரைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டால் போதும். ஒரு குறை: ஸ்டியரிங் மின்சார உதவியில் இயங்குவதால் தார் ஈரமா காய்ந்ததா என்று உள்ளங்கைக்குச் சரியாகச் சொல்வதில்லை. இதற்கு முந்தைய இ90 மாடலை ஓட்டியவர்கள் இதைப் பற்றிப் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. அப்புறம் சத்தம். வெளியே நின்று கேட்டால் டீசல் டீசல்தான்.

சரி, இரண்டு கார்களுக்கும் இது பொது. வித்தியாசம் எங்கே?

வெள்ளைக் கார் பிறந்ததிலிருந்து கொழும்பில் இருந்திருக்கிறது. வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு, நடுவில் சிக்னல். பன்னிரண்டு வருஷத்துக்கு 74,000 என்றால் வருஷத்துக்கு ஆறாயிரம் சொச்சம். புரோக்கர் தம்பி அதைத்தான் பெருமையாகச் சொன்னார்: "அண்ணே, கார் ஓடவே இல்லை." பெற்றோல் காராக இருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். டீசலுக்கு அது நல்ல செய்தி இல்லை.

இந்த டீசல்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கிற ஒரு வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்குப் புகை ஏறத்தாழ 600 பாகை சூட்டுக்கு வர வேண்டும், கார் நிற்காமல் ஒரு கால் மணி நேரமாவது ஓட வேண்டும். கொழும்பு நெரிசலில் இது நடக்காது. எரிப்பு தொடங்கும், வீடு வந்துவிடும், என்ஜினை நிறுத்துவார்கள். சூட்டைக் கூட்டுவதற்காகக் கூடுதலாக அடித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஒயிலில் கலக்கும். இப்படியே மாதக்கணக்கில் நடந்தால் ஒயில் தண்ணீர் மாதிரி இளகிவிடும். அந்தத் தண்ணி ஒயிலில்தான் டர்போவும் ஓட வேண்டும், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் செயினும் ஓட வேண்டும்.

செயின் விஷயம்தான் இந்தக் காரின் பெரிய விஷயம். 2015க்கு முந்தைய 320டியில் இருப்பது என்47 என்ற என்ஜின். அதன் டைமிங் செயின் தேய்ந்து அறுகிற கதை உலகம் முழுக்கத் தெரிந்தது. கூடுதலாக அடிபட்டவை 2011க்கு முந்தைய கார்கள். பிறகு பாகங்களைத் திருத்தினார்கள், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கொடுமை என்னவென்றால், மற்றக் கார்களில் முன்பக்கம் இருக்கிற செயினை இதில் பின்பக்கம், கியர் பெட்டியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையோ கியர் பெட்டியையோ வெளியே இறக்க வேண்டும். செயின் விலை ஒரு பக்கம், கூலி இன்னொரு பக்கம். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்புறம் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் என்ஜின் தேடுவதுதான் மிச்சம்.

இதைக் கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு, ஆனால் என்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். விற்பவர்கள் காரைக் காட்டுவதற்கு முன்பே சூடாக்கிவைப்பார்கள், கவனம். புரோக்கர் தம்பிக்கு டிக்கோயாவில் சொந்தக்காரர்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கே தங்கச் சொல்லி, விடிகாலையில் நானே போய் பொனட்டில் கைவைத்துப் பார்த்தேன், ஐஸ். கராஜ் பாஸ் ஒருவரையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் முன்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, பெடல் இருக்கிற பள்ளத்தில் தலையை விட்டுக்கொண்டு என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கொஞ்சம் மிதித்து 1,500 முதல் 2,000 சுற்று வரை மெதுவாக ஏற்றினேன். ஒயில் போடாத சைக்கிள் செயின் உரசுகிற மாதிரி ஒரு சன்னமான சரசரப்பு, சில விநாடிகள். பிறகு காணாமல் போனது. பாஸ் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "சூடானதும் போயிடும். அதனாலதான் யாருக்கும் கேக்கிறதில்லை" என்றார்.

அதே காரின் டயர்களைக் குனிந்து பார்த்தேன். பட்டன் எல்லாம் புதிது மாதிரி. பக்கச்சுவரில் நான்கு இலக்கம்: 1417. அதாவது 2017ஆம் ஆண்டு 14ஆம் வாரம் செய்த டயர். ஓடாத காரின் டயர் தேய்வதில்லை, ஆனால் இறுகிப்போகிறது. பிரேக் தட்டுகளின் ஓரத்தில் துரு விளிம்பு கட்டியிருந்தது. சர்விஸ் பதிவில் ஒயில் மாற்றிய இடைவெளி இரண்டு வருஷம். கம்பனி சொல்கிற கணக்கே 30,000 கிலோமீற்றர் அல்லது இரண்டு வருஷம்தான், அவர் மேல் தப்பில்லை. ஆனால் டீசல் கலந்த ஒயிலோடு இரண்டு வருஷம் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது சாம்பல் கார். சொந்தக்காரர் வாரா வாரம் பண்டாரவளையிலிருந்து பெரகல, ஹல்துமுல்ல, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்பு போய் வருகிறவர். அந்த ஏற்ற இறக்கத்தில் டி.பி.எஃப். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. 161,000 ஓடியதன் அடையாளங்கள் ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தன. சாரதி சீட்டின் வலப்பக்கத் தோல் வெடித்திருக்கிறது. முன் பம்பர் முழுக்கக் கல்லடி. ஸ்டியரிங் தோல் பளபளவென்று மழுங்கிவிட்டது. ஆனால் அவர் ஒரு கோப்பைத் தூக்கி மேசையில் வைத்தார். பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றிய பில், செயின் மாற்றிய பில், கியர் ஒயில் மாற்றிய பில்.

கியர் ஒயில் பில்லைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது. கார் கம்பனி இந்தக் கியர் பெட்டிக்கு ஆயுள் முழுக்க ஒயில் மாற்றத் தேவையில்லை என்கிறது. பெட்டியைச் செய்த இசட்.எஃப். கம்பனியோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. மலையில் நாள் முழுக்கக் கியர் மாறுகிற பெட்டிக்கு நான் செய்தவன் பேச்சைத்தான் கேட்பேன். இதில் வடிகட்டி, அடித்தட்டோடு ஒன்றாக வார்த்த பிளாஸ்டிக் சாமான். ஒயிலை மட்டும் மாற்றி ஒப்பேற்ற முடியாது, தட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். பில்லில் தட்டும் இருந்தது.

காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் பண்ணினேன். சரசரப்பு இல்லை. பெரகல பக்கம் இறங்கி ஏறினேன். பின்பக்க சஸ்பென்ஷனில் மட்டும் குழிக்குள் இறங்கும்போது ஒரு டொக். ரப்பர் புஷ் மாற்ற வேண்டும், விலையில் கழித்தாயிற்று.

மீற்றரைச் சுற்றியிருப்பார்களோ என்ற சந்தேகம் எந்தக் காருக்கும் உண்டு. இந்தக் கார்களில் சாவிக்குள்ளேயே ஓட்டத் தொகை பதிவாகிறது. கொழும்பில் சரியான கருவி இருக்கிற இடத்தில் சாவியைக் கொடுத்தால் வாசித்துச் சொல்வார்கள். இன்னொன்று, இ.ஜி.ஆர். கூலர், புகையில் ஒரு பங்கை ஆற்றித் திரும்ப என்ஜினுக்குள் விடுகிற சாமான். 2018இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, அந்தக் கூலர் கசிவதுதான் காரணம் என்று கம்பனியே உலகம் முழுக்கக் கார்களைத் திருப்பி அழைத்தது. செசி இலக்கத்தைக் கொடுத்து இந்தக் கார் அதில் வருகிறதா, வந்தால் வேலை முடிந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெள்ளம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த பிறகு, கம்பளை, பேராதனைப் பக்கமிருந்து வருகிற எந்தக் காரையும் நான் முகர்ந்து பார்க்காமல் விடுவதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேறு பட்டிருந்தால் அந்தக் கடைசி அரை முழத்தில் கறை நிற்கும், அதை யாரும் கழுவுவதில்லை. இந்தக் காரில் பற்றரி டிக்கியில் இருக்கிறது, விரிப்பைத் தூக்கி அந்தக் குழியையும் பார்க்க வேண்டும். பற்றரி மாற்றினால் அதைக் காரின் கம்பியூட்டரில் பதிய வேண்டும் என்பதும் இந்த வம்சத்தின் ஒரு தொல்லை.

பத்திரம் பற்றிச் சுருக்கமாக: வெள்ளைக் கார் ஓபன் பேப்பரில் இருந்தது, அதாவது பெயர் மாற்றாமல் ஒப்பமிட்ட தாளோடு கைமாறி வந்தது, பதிவுப் புத்தகத்தில் இருக்கிற பெயர்க்காரரைப் புரோக்கரே பார்த்ததில்லை. அதுவே எனக்குப் போதும். சாம்பல் காரில் லீசிங் முடிந்து, முழு உரித்தாளராகப் பதிந்திருந்த லீசிங் கம்பனியின் பெயரும் நீக்கப்பட்டிருக்கிறது.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சீட் பள்ளத்தில் இருக்கிறது, இறங்கும்போது இரண்டு பேர் தூக்க வேண்டும். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குக் கார் வாங்குறீங்களா, அத்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. தரைக்கும் காருக்கும் இடைவெளி 140 மில்லிமீற்றர்தான். எங்கள் வீட்டுக்கு இறங்குகிற தோட்டப் பாதையில் மழைக்குப் பிறகு நடுவில் திட்டு எழும்பும். ஒரு சக்கரத்தைத் திட்டின் மேல் ஏற்றி, மற்றதை ஓரத்தில் விட்டுச் சரிவாகத்தான் வர முடிந்தது. லயத்துப் பிள்ளைகள் கூடவே நடந்து வந்து, "அங்கிள், தட்டுது, தட்டுது" என்று வழிகாட்டினார்கள். இப்படிப்பட்ட பாதையின் கடைசியில் வீடு இருக்கிறவர்கள், பாதை போட்ட பிறகு இந்தக் காரைப் பற்றி யோசிக்கலாம். எனக்கு மெயின் ரோட்டில் கடை இருப்பதால் மாரியில் அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

டயர்தான் இன்னும் மனதை உறுத்துகிறது. ஸ்பேர் சில்லு கிடையாது. ரன்-ஃப்ளாட் டயர், காற்றுப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்தில் 80 கிலோமீற்றர் தூரம் போகலாம் என்பது கணக்கு. அது ஐரோப்பாவுக்கு எழுதிய கணக்கு. கினிகத்தேனைக் குழியில் பக்கச்சுவர் கிழிந்தால் அது எதற்கும் உதவாது. முன்னால் 225/45, பின்னால் 255/40, பதினெட்டு அங்குலம். முன்னும் பின்னும் மாற்றிப் போடவும் முடியாது, இங்கே எந்தக் கடையிலும் இருப்பிலும் இல்லை. கார் கைக்கு வந்ததும் பதினேழு அங்குலச் சில்லு நான்கும் சாதாரண டயரும் போட்டு, ஐந்தாவது சில்லு ஒன்றை டிக்கியில் வைக்கப்போகிறேன். தோற்றம் கொஞ்சம் குறையும், போகட்டும்.

டீசலும் பார்த்து அடிக்க வேண்டும். கந்தகம் குறைந்த சுப்பர் டீசல்தான் இதற்குச் சரி, மலையில் எல்லா ஷெட்டிலும் அது எப்போதும் கிடைப்பதில்லை. ஊருக்குள்ளேயே ஓடுகிறவர்கள், பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று சுற்றுகிறவர்கள் 320டி பக்கமே வர வேண்டாம். 2015க்குப் பிறகு வந்த பெற்றோல் 318ஐ (318i) மாடலை எடுக்கலாம். மூன்று சிலிண்டர், 1,500 சிசி, 136 குதிரைத்திறன். ஏற்றத்தில் இந்த இழுவை இருக்காது, ஆனால் டி.பி.எஃப். தலைவலியும் இருக்காது. எனக்கு மாதத்தில் பாதி நாள் சாமான் எடுக்கக் கொழும்பு ஓட்டம், அதனால் டீசல்.

சாம்பல் காருக்கு 97 இலட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம். சாவியும் டி.பி.எஃப்.பும் வாசித்த அறிக்கை சரியாக வந்தால் மீதிப் பணம், வராவிட்டால் முற்பணம் திரும்பும் என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். வெள்ளைக் கார் இன்னும் விற்கவில்லை. நேற்றும் புரோக்கர் தம்பி போன் பண்ணி 112க்குத் தருவதாகச் சொன்னார்.