திலாப்பியா வளர்க்க மண்குளமா, பயோஃபுளொக் தொட்டியா?

பயோஃபுளொக் என்பது, இரவுபகலாகக் காற்றூட்டி, மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அமோனியாவைப் பக்டீரியாவைக் கொண்டே அகற்றும் தொட்டிமுறை.

இடம்: குளத்தில் சதுர மீற்றருக்கு 2–3 குஞ்சுகள், தொட்டியில் கன மீற்றருக்கு 50 வரை. கொழும்புக் காணி விலைக்கு இது பெரிய வித்தியாசம்.

செலவு: குளத்துக்கு வெட்டுக்கூலி, சுண்ணாம்பு. தொட்டிக்கு மாதாமாதம் கரண்ட் பில்.

தண்ணீர்: தொட்டியில்தான் வேலை அதிகம். குழாய்த் தண்ணீரை ஒரு நாளாவது காற்றூட்டி, குளோரின் போன பிறகே குஞ்சு விடவேண்டும். அமோனியா ஏறினால் தீனியைக் குறைத்துச் சீனி கரைத்து ஊற்றுங்கள். அதைத் தின்று பெருகும் பக்டீரியா அமோனியாவையும் உறிஞ்சிவிடும்.

ஆபத்து: கரண்ட் போனால் தொட்டி மீன் வெகுநேரம் தாங்காது. குளம் கடும்பச்சையானால் விடியற்காலையில் ஒட்சிசன் குறையும். நீர்க்காகத் தொல்லை வேறு.

ஹோமாகமப் பக்கம் மேட்டுக் காணி இருந்தால் குளம். வீட்டு வளவு மட்டுமென்றால் தொட்டி, ஜெனரேட்டரோடு. களனி கங்கை பெருகும் கொலன்னாவைத் தாழ்நிலத்தில் குளம் வெட்டவே வேண்டாம்.