லெகசியில் பிறந்து யூஈஎஃப்ஐக்கு மாறிய என் கணினி: ஏழு வருட அனுபவம்

2018இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. இன்டெல் ஐ5-8400, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். கடைத் தம்பி தன் சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவைச் செருகி, விண்டோஸ் 10 போட்டு, சி, டி, இ என்று டிரைவ் பிரித்துக் கொடுத்தார். மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

2021இல் விண்டோஸ் 11 வந்தது. என் பிராசஸர் ஆதரவுப் பட்டியலில் இருந்தும், கணினி தகுதி பெறவில்லை என்றது மைக்ரோசாஃப்டின் சோதனை நிரல். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி) விஷயம் எளிதாக முடிந்தது; பயாஸுக்குள் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளின் அமைப்புத் திரை) அதே வேலையைச் செய்யும் இன்டெல் பிடிடி என்ற வரியை எனேபிள் செய்தால் போதும், தனியாகச் சிப் வாங்க வேண்டியதில்லை. நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியை எழ விடும் செக்யூர் பூட்தான் மசியவில்லை. எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்துப் பார்த்தால், பயாஸ் மோட் என்ற வரிக்கு எதிரே ‘லெகசி’ என்று இருந்தது. பயாஸின் புதிய வாரிசான யூஈஎஃப்ஐ (செக்யூர் பூட் இதில்தான் ஓடும்) உள்ள மதர்போர்டில் மூன்று வருடமாகப் பழைய முறையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்!

காரணம் பிறகு புரிந்தது. கணினியை எதிலிருந்து எழுப்புவது என்று கேட்கும் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும்: ஒன்று வெறும் பெயரோடு, இன்னொன்று முன்னால் ‘யூஈஎஃப்ஐ’ என்ற ஒட்டோடு. முதலாவதைத் தட்டினால் விண்டோஸ் லெகசியாக, எம்பிஆர் என்ற பழைய முறையில் பகுதி பிரித்த வட்டில் உட்காரும். இரண்டாவதைத் தட்டினால் ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த வட்டு கேட்கும். லெகசி பயாஸ் வட்டின் முதல் செக்டாரைப் படித்து ஓடுகிறது. யூஈஎஃப்ஐ, ஃபேட்32 வடிவில் உள்ள சின்ன இஎஃப்ஐ பகுதியைத் தேடி, அதிலுள்ள பூட் கோப்பை ஓட்டுகிறது. விண்டோஸைப் பொறுத்தவரை இந்த ஜோடிகளை மாற்றிக் கட்ட முடியாது. ‘இந்த வட்டில் நிறுவ முடியாது’ என்று செட்டப் அடம்பிடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

விசாரித்த இடத்திலெல்லாம் ‘ஃபார்மட் அடிச்சிடலாம் சார்’ என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்தே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளே இருக்கிறது. தரவை அழிக்காமல் வட்டை மாற்றித் தரும். முதலில் வட்டு மாற்றத் தகுந்ததா என்று சோதிக்கும் வேலிடேட் கட்டளை கொடுத்தேன். வேலிடேஷன் ஃபெயில்ட் என்றது, ஏன் என்று சொல்லவில்லை. ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. எம்பிஆர் வட்டில் நான்கு பகுதிகளுக்குத்தான் இடம். அதனால் விண்டோஸ், தன் மறைவான பூட் பகுதியையும் சேர்த்து நான்காவதாக வந்த என் இ டிரைவை எக்ஸ்டெண்டட் என்ற உறைக்குள் போட்டு வைத்திருந்தது. இந்தக் கருவிக்கு எக்ஸ்டெண்டட் ஆகவே ஆகாது. உறைக்கு வெளியே இருக்கும் பிரைமரி பகுதியும் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. இ டிரைவிலிருந்த கல்யாண வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, டிரைவையும் உறையையும் நீக்கினேன். அடுத்த முறை வேலிடேஷன் தேறியது, கன்வெர்ட்டும் முடிந்தது.

ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. சரியான பூட் டிவைஸைத் தேர்ந்தெடு என்று ஒற்றை வரி. வயிற்றைக் கலக்கியது. வட்டு மாறிவிட்டது, பயாஸ் அமைப்பு இன்னும் மாறவில்லை என்பது உறைக்க ஒரு நிமிடம் ஆனது. பழைய லெகசி முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம் என்ற வரியை டிஸேபிள் செய்து சேமித்தேன். விண்டோஸ் பூட் மேனேஜர் பட்டியலில் முளைத்தது. இந்தக் கருவிக்கு என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. காரணம் சொல்லாமல் கைவிரித்ததற்கு இரண்டு கழித்தேன்.

2022இல் நண்பர் ஒருவர் தன் கணினியில் எஸ்எஸ்டி போட்டு விண்டோஸை அதில் புதிதாக நிறுவினார், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலே. சில மாதம் கழித்து டக் டக் என்று சத்தம் போட்ட ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கணினி எழவே இல்லை. விண்டோஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. பூட் கோப்புகளோ பழைய டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில் போய் உட்கார்ந்திருக்கின்றன. விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, ஷிஃப்டும் எஃப்10உம் அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட் என்ற வட்டுக் கருவியில் லிஸ்ட் டிஸ்க் கொடுத்தேன். வலது ஓரத்தில் ஜிபிடி என்ற தலைப்புக்குக் கீழே நட்சத்திரக் குறி இருந்தால் அது ஜிபிடி வட்டு. இருந்தது. சி டிரைவைச் சற்றுச் சுருக்கி, கிடைத்த இடத்தில் 100 எம்பிக்கு இஎஃப்ஐ பகுதி உருவாக்கி, ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, எஸ் என்று எழுத்து கொடுத்தேன். பிறகு பூட் கோப்புகளை அங்கே எழுதும் பிசிடிபூட் கட்டளை. ஒரே வரி, மூன்று விநாடி, எழுந்துவிட்டது.

பூட் கோளாறுக்கு எங்கு கேட்டாலும் சொல்லப்படும் பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் கட்டளையையும் முதலில் முயன்றேன்; ஆக்சஸ் டினைட் என்றது. யூஈஎஃப்ஐ கணினியில் அதோடு மல்லுக்கட்டுவதை அன்றோடு விட்டுவிட்டேன். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைப்பதும் அன்றிலிருந்து வந்த பழக்கம்.

2023இல் ஒரு மாதம் ஊரில் இல்லை. திரும்பி வந்து போட்டால் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது, எந்த இணையதளமும் திறக்கவில்லை, விண்டோஸில் நுழையும் பின் எண் (PIN) வேலை செய்யவில்லை. போர்டிலிருந்த சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, பயாஸ் ஆரம்ப நிலைக்குத் திரும்பி, பிடிடியும் அணைந்திருந்தது. சில்லறை விலையில் ஒரு பேட்டரி, பிடிடி மறுபடி ஆன், அவ்வளவுதான். பயாஸ் அமைப்புகளை ஃபோனில் படமெடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

என் தப்பால் நடந்ததும் ஒன்று உண்டு. தங்கையின் லேப்டாப்பில் லினக்ஸ் காட்டுகிறேன் பேர்வழி என்று செக்யூர் பூட்டை அணைத்தேன். அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையில், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவி கேட்டது. பிட்லாக்கர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ‘அண்ணா, என் ஆபீஸ் வேலையெல்லாம் இதுலதான் இருக்கு’ என்றாள். நல்லவேளை, சாவி அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான் பயாஸில் கை வைத்திருக்க வேண்டும். அந்த 48 இலக்கமும் இப்போது அம்மாவின் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.