ஸ்பேரோ: மதிப்பெண்ணைச் சுமந்து வரும் குருவி

ஏப்ரல் மாதம் பிறந்ததும் மத்திய அரசு ஊழியர்கள் பலரும் திறந்து பார்க்கும் இணையதளம் ஸ்பேரோ. ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கையை, அலுவலக வழக்கில் ஏபிஏஆரை, எழுதி மேலே அனுப்பவும் திரும்பப் பெறவும் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இச்சேவையை ஆண்டுதோறும் பயன்படுத்துபவன் என்ற முறையில் என் மதிப்பீட்டைப் பதிவு செய்கிறேன்.

முதலில் இதன் நன்மை. உறைக்குள் ஒட்டி வைக்கப்பட்ட பழைய ரகசிய அறிக்கையில், பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே ஊழியருக்குத் தெரிவிப்பார்கள். எல்லைச் சாலைப் பொறியாளரான தேவ் தத் என்பவருக்கு ஓராண்டு மட்டும் ‘மிக நன்று’ என்பதற்குப் பதிலாக ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது; பாராட்டுப் போலத் தோன்றும் அந்தச் சொல்லே அவருடைய பதவி உயர்வைத் தடுத்தது, அது அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. எந்தக் குறிப்பாக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் கூறியது. அடுத்த ஆண்டே அதற்கான அரசாணை வந்தது. இன்று முழு அறிக்கையும் நம் திரைக்கு வருகிறது, மறுப்புத் தெரிவிக்க 15 நாள் கிடைக்கிறது. அறிக்கை யாரிடம் நிற்கிறது என்பதும் தெரிவதால், கோப்பைத் தேடி அறை அறையாக அலைய வேண்டியதில்லை. ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கொண்டே கையொப்பமும் முடிந்துவிடுகிறது.

ஆனால் நம்மூர் வழக்கில் குருவி என்றால் பொட்டலத்தைச் சுமப்பவர்தானே. உள்ளிருப்பதற்கு அவர் பொறுப்பல்லர். வேலையின் அளவுக்கும் தரத்துக்கும் 40 விழுக்காடு, தனிப் பண்புகளுக்கு 30, பணித்திறனுக்கு 30 என்று படிவம் பிரித்து, ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் கேட்கிறது. 4 முதல் 6-க்குள் ‘நன்று’, 6 முதல் 8-க்குள் ‘மிக நன்று’, அதற்கு மேல் ‘மிகச் சிறப்பு’. பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஊதிய நிலையை உயர்த்தும் நிதி மேம்பாட்டுக்கும் ‘மிக நன்று’ வேண்டும் என்று 2016-இல் விதி மாறிய பிறகு, 5 என்று எழுத எந்த அலுவலருக்கு மனம் வரும்? நான் கண்டவரை எல்லோரும் ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கிறோம். எளிய கோப்புகள் இருநூற்றை முடித்தவரும், பத்தாண்டாகத் தூசி படிந்த ஓய்வூதியச் சிக்கல்கள் இருபதைத் தீர்த்தவரும் ஒரே வரிசையில் வருவதால், உற்பத்தித்திறனைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை.

படிவத்தில் உண்மையாகவே பயனுள்ள இடம், மேலலுவலர் நூறு சொற்களுக்குள் எழுத வேண்டிய சொற்சித்திரம்தான். ஓராண்டு எனக்கும் சக ஊழியர் மூவருக்கும் ‘கடமையுணர்வு மிக்கவர்’ என்ற ஒரே வாக்கியம் வந்தது. வேறொரு அலுவலர், தணிக்கைப் பதில்களை நான் விரைவாக எழுதுவதாகவும் நினைவூட்டல் கடிதங்களைக் கவனியாமல் விட்டுவிடுவதாகவும் ஆறு வரி எழுதி 7.2 வழங்கினார். ஒரு வாரம் வருந்தினேன். பிறகு நினைவூட்டல்களுக்கென்று தனிப் பதிவேடு தொடங்கினேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று: தன்மதிப்பீட்டை ஏப்ரல் 15-க்குள் அனுப்பிவிடுங்கள். தவறினால், உங்கள் தரப்பைக் கேளாமலேயே அறிக்கையை எழுத விதி இடம் தருகிறது.