‘போர்டு போச்சு’ என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

மின்சாரம் போய் வந்த பிறகு கணினி எழவில்லை என்று தவித்துக்கொண்டிருப்பவர்கள், அதைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் ஓடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் விவரம் தெரியாமல் ஓடினேன். மூன்று நாள் வேலை கெட்டது, தேவையே இல்லாத ஒரு மதர்போர்டுக்கு (கணினியின் உறுப்புகளை இணைக்கும் முதன்மைப் பலகை) பணம் கொடுத்தேன், ரேம் பாதியாகத் திரும்பி வந்தது, எஸ்எஸ்டி டிஸ்க்கில் இருந்த வேலை முழுவதும் அழிந்துபோனது.

புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்வது என் தொழில். அன்று மாலை 412 பக்கப் புத்தகம் ஒன்றுக்குச் சொல்லடைவு தயாரித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் போனது. பத்து நிமிடத்தில் வந்தது, உடனே போனது, மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது அறை விளக்கு ஒரு நொடி கண்ணைக் கூசும்படி எரிந்து அடங்கியது. அப்போதே பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. சற்றுப் பொறுத்துப் பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றவில்லை, பீப் சத்தம் இல்லை, எந்த அசைவும் இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மதர்போர்டின் ஓரத்தில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னப் பச்சை விளக்கும் அணைந்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கணினியைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பிளக்கைச் செருகினார், பட்டனை ஒருமுறை அழுத்தினார். “போர்டு போச்சுக்கா. கரண்ட் வந்து அடிச்சிருக்கு. எஸ்எம்பிஎஸ்ஸும் போயிருக்கும், ரெண்டையும் மாத்திடலாம்” என்றார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. வேறு எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) ஒன்றை மாட்டிப் பார்க்கவும் இல்லை. “உறுதியா?” என்று கேட்டேன். “தினம் இதைத்தானே பார்க்கிறேன்” என்றார். புத்தகம் அச்சுக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். “டிஸ்க்கில் இருப்பதைத் தொடவேண்டாம்” என்று இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார்.

மூன்றாம் நாள் கணினி வந்தது. திரை எரிந்தது. ஆனால் முகப்பில் என் கோப்புறைகள் ஒன்றுகூட இல்லை. புதிதாகப் போட்ட விண்டோஸ் மட்டும் இருந்தது. போனில் கேட்டால், “போர்டு மாத்தினா ஓஎஸ் புதுசா போட்டுத்தான் ஆகணும்க்கா” என்றார். இது பொய். போர்டு மாறினாலும் இன்றைய விண்டோஸ் பெரும்பாலும் பழைய டிஸ்க்கிலிருந்தே எழுந்துவிடும். சில சமயம் உரிமத்தை மறுபடி உறுதிசெய்யவும், டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியைக் கொடுக்கவும் வேண்டியிருக்கும். எழவே இல்லையென்றாலும் டிஸ்க்கை இன்னொரு கணினியில் மாட்டிக் கோப்புகளை நகலெடுத்துவிடலாம். அவரோ எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்துவிட்டார். அப்படிச் செய்தால், காலியான இடங்கள் இவை என்று விண்டோஸ் அதனிடம் சொல்லிவிடுகிறது; எஸ்எஸ்டி அவற்றை உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடுகிறது. பழைய ஹார்டு டிஸ்க்கில் ஃபார்மட்டுக்குப் பிறகும் மீட்கச் சற்று வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் ஏறக்குறைய இல்லை. என்னிடம் மின்னஞ்சலில் இருந்தது பதினொரு நாள் பழைய பிரதி. அந்தப் பதினொரு நாள் வேலையைத் திரும்பச் செய்தேன். அச்சு ஒரு வாரம் தள்ளிப்போனது. நூலாசிரியரிடம் அதைச் சொன்னபோது எனக்கு வார்த்தை வரவில்லை.

கணினி வேறு மந்தமாக இருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேம் 8 ஜிபி என்று காட்டியது. என்னுடையது 16. இரண்டு 8 ஜிபி அட்டைகள், நானே வாங்கிப் போட்டவை. மூடியைத் திறந்தேன். ஓர் அட்டைதான் இருந்தது, அதுவும் வேறு நிறம். ‘புதிய’ போர்டின் பின்பக்க யுஎஸ்பி துளைகளில் துரு. ஸ்லாட்டுகளின் இடுக்கில் அப்பிய தூசி. பிராசஸருக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய நீளமான கீறல். எங்கோ சில வருடம் உழைத்த போர்டு அது.

மின்னணுவியல் படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் சொன்னதும், “முதலில் பழைய போர்டைக் கேட்டு வாங்கு” என்றாள். கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டது என்றார் முதலில். பில்லைக் காட்டி, “பணம் கொடுத்து வாங்கிய என் பொருள், எனக்கு வேண்டும்” என்று நின்றதும் உள்ளேயிருந்து எடுத்து வந்தார். எஸ்எம்பிஎஸ் மட்டும் வரவே இல்லை.

அன்றிரவு தோழி மேசையில் ஓர் அட்டைப்பெட்டியை விரித்து அந்தப் போர்டை வைத்தாள். என் பிராசஸரை அதில் மாற்றிப் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினாள். ஒரு ரேம், தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த எஸ்எம்பிஎஸ், அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் போர்டின் ஓரத்தில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. நான் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பவர் பட்டனின் வயர் செருகும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டாள். ஃபேன் சுற்றியது, தேதியையும் நேரத்தையும் சரிசெய்யச் சொல்லித் திரை கேட்டது. போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இந்தப் பதிவை அதே போர்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் அன்று விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

கணினி அணைந்திருக்கும்போதும், பிளக்கில் மின்சாரம் இருந்தால் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஒன்றைப் போர்டுக்கு விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சின்ன விளக்கு அதில்தான் எரிகிறது. அது எரியவில்லை என்றால் போர்டுக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை என்று முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுவர் சாக்கெட், எக்ஸ்டென்ஷன், பவர் கேபிள், பின்பக்கச் சுவிட்ச், அப்புறம் எஸ்எம்பிஎஸ். சந்தேகம் இந்த வரிசையில்தான் போக வேண்டும். வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்க்காமல் போர்டு போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. மின்சாரம் தாறுமாறாக வந்தால் பல எஸ்எம்பிஎஸ்கள் பாதுகாப்புக்காகத் தாங்களே பூட்டிக்கொள்ளும். பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் திறக்காது. பிளக்கை முழுவதும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டத்தை வடியவிட்டு, ஐந்து பத்து நிமிடம் கழித்துத் திரும்பச் செருகினால் சில கணினிகள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்துவிடும். என் கணினிக்கும் இது போதுமாக இருந்ததோ, எஸ்எம்பிஎஸ் உண்மையிலேயே போயிருந்ததோ, கண்டுபிடிக்க வழியில்லை. அந்தப் பெட்டி என் கைக்குத் திரும்பவில்லை.

எஸ்எம்பிஎஸ் உண்மையிலேயே போவதும் உண்டு, குறிப்பாக வருடக்கணக்கில் பிளக்கிலேயே இருப்பவை. அந்த 5 வோல்ட் பகுதியின் கெப்பாசிட்டர்கள் சூட்டிலேயே இருந்து மெல்ல வறண்டுபோயிருக்கும். மின்சாரம் இருக்கும்வரை எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை முழுவதும் அணைந்து குளிர்ந்தால் திரும்பக் கிளம்பத் தெம்பு இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ‘கரண்ட் அடித்துவிட்டது’ போலத்தான் தெரியும். அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினால் போதும்.

சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இப்படிச் செய்யலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லாக் கேபிள்களையும் போர்டு, டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். 24 பின் கனெக்டரில் பச்சை வயரின் துளையையும் பக்கத்துக் கறுப்பு வயரின் துளையையும் வளைத்த காகிதக் கிளிப்பால் இணைத்து, அப்புறம் மின்சாரம் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் 16ஆம் பின்னைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில பிராண்ட் கணினிகளில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும். அவற்றில் இதைச் செய்யாதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபேன் சுற்றிவிட்டது என்பதற்காக எஸ்எம்பிஎஸ் நன்றாக இருப்பதாக முடிவுசெய்ய முடியாது, சுமை ஏறும்போது விழுந்துவிடலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

விளக்கு எரிந்து ஃபேனும் சுற்றித் திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அது வேறு கதை. ரேமைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுவது, போர்டில் இருக்கும் நாணய வடிவச் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி பயாஸை (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை நிரல்) ரீசெட் செய்வது ஆகியவற்றில் தொடங்க வேண்டும்.

பழுது பார்த்தவரிடம் ரேமைக் கேட்கத் தோழியுடன் போனேன். ‘பையன் மாத்திப் போட்டுட்டான்’ என்று ஒரு நிமிடத்தில் இரண்டு அட்டைகளும் கைக்கு வந்தன. அவருடைய போர்டைத் திருப்பிக் கொடுத்தேன், பாதிப் பணம்தான் வந்தது. டிஸ்க்கைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

நீங்கள் கணினியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். எழாத கணினியைச் சோதிக்க டிஸ்க் தேவையே இல்லை, பயாஸ் திரை வந்தால் போதும். டிஸ்க் வேண்டும் என்று வற்புறுத்தினால் வேறு ஆளைப் பாருங்கள். ரேம், டிஸ்க், போர்டு மூன்றின் ஸ்டிக்கர்களையும் வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து, அந்த எண்களை ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றும் எந்த உறுப்பும் எனக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். போர்டு போய்விட்டது என்றால், வேறு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. நேர்மையான ஆள் தயங்கமாட்டார்.